அப்டேட்: எங்க ‘மூட்லி’ சர்நேமும் ஆனைமங்கலம் செப்பேடும்

போன தடவை தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருந்து கேட்டிருந்தேன்ல, எங்க சர்நேம் மூட்லி, அது ராஜராஜன் செப்பேட்டுலயே இருக்குன்னு பெரியப்பா சொல்றாரு, உண்மையான்னு. நெதர்லாந்து ஊர் பேர்ல லைடன் செப்பேடுன்னும் சொல்ற ஆனைமங்கலம் செப்பேட்டோட பதிப்ப உக்காந்து படிச்சேன்.

21 ஏடு, ஒரே வளையத்துல கோத்து சோழ முத்திரை வச்சது. ராஜராஜனோட 21ஆம் ஆட்சியாண்டுல, அதாவது 1006 வாக்குல, நாகப்பட்டினத்துல இருந்த சூடாமணி விகாரங்கற பௌத்த மடத்துக்கு ஆனைமங்கலம் ஊரையே எழுதிக் கொடுத்திருக்காங்க. எல்லை காட்ட பெண் யானைய நடக்க விட்டு அது சுத்தி வந்த வழியில கல்லும் கள்ளியும் நட்டிருக்காங்க, படிக்கறப்பவே புல்லரிச்சுப் போச்சு. அதிகாரிங்க பேருல மூவேந்தவேளான்னு வருது, ஆனா அது ராஜா கொடுத்த பட்டம், அப்பாகிட்டருந்து புள்ளைக்கு வர்ற சர்நேம் இல்ல. மூட்லிக்கு மூலமான முதலிங்கற பட்டமே பிற்காலச் சோழர் கல்வெட்டுங்கள்ல தான் நிறைய வருது.

எங்க பேரு பொறந்தது டர்பன் இருக்கற நேட்டால்ல தான். 1860ல இந்தியக் கூலிங்கள ஏத்திக்கிட்டு ட்ரூரோ கப்பல் வந்ததுல இருந்தே கப்பல் லிஸ்ட்ல பேரு, அப்பா பேரு, வயசு, சாதி, ஊருன்னு தனித்தனி கட்டம். சாதிக் கட்டத்துல குமாஸ்தா காதுல விழுந்தபடி எழுதினது தான் பின்னாடி பல வீட்டுல சர்நேமா நின்னுடுச்சு, கவுண்டர் கோவெண்டர் ஆனதும் இப்படித்தான்.

என்னைக் கேட்டா அந்த லிஸ்ட்ல கொள்ளுத்தாத்தா ஊரு செங்கல்பட்டுன்னு இருக்கறது தான் பெரிய விஷயம். அடுத்து அந்தப் பக்கத்து பழைய நில ரெஜிஸ்டர தேடணும், பாத்து பழகினவங்க யாராவது இருந்தா வழி சொல்லுங்கண்ணா.