ஓய்வூதியருக்கு டாப்-அப்பா, சூப்பர் டாப்-அப்பா?

கோத்தகிரி ஓய்வு ஆசிரியர்:
எனக்கு 63, வீட்டம்மாவுக்கு 60. இருவருக்கும் சர்க்கரை உண்டு. பென்ஷனில் மாதம் 497 ரூபாய் பிடித்து அரசு காப்பீடு ஓடுகிறது. அதில் 5 லட்சம்தானே, மேலே ஒரு பாலிசி போடலாமென்றால் ஏஜெண்ட் டாப்-அப் எடுங்கள் என்கிறார். 5 லட்சம் டிடக்டிபிள் (பில்லில் அதுவரை நம் பொறுப்பு, அதற்கு மேல்தான் கம்பெனி தரும்), 15 லட்சம் கவர். சரியா?

குன்னூர்க்காரன்:
சார், டாப்-அப் வேண்டாம், சூப்பர் டாப்-அப் கேளுங்கள். ஒரே வருடத்தில் 3 லட்சம், 4 லட்சம் என்று இரண்டு தடவை அட்மிட் ஆனால், டாப்-அப் தனித்தனியாகப் பார்த்து ஒன்றுமே தராது. சூப்பர் டாப்-அப் கூட்டி 7 என்று கணக்கு வைத்து 2 லட்சம் தரும்.

ஆனால் உங்கள் சிக்கல் வேறு. 2022 ஜூலையில் தொடங்கிய அந்த அரசுத் திட்டத்தில் 5 லட்சம் என்பது நான்கு வருடத்துக்குச் சேர்த்து (குறிப்பிட்ட சில நோய்களுக்கு மட்டும் 10). டிடக்டிபிளோ வருடா வருடம் புதிதாகத் தொடங்கும். முதல் வருடம் 4 லட்சம் செலவாகிவிட்டது, அடுத்த வருடம் 6 லட்சம் பில் வருகிறது என்று வையுங்கள். அரசு 1, சூப்பர் டாப்-அப் 1, மீதி 4 லட்சம் உங்கள் கையிலிருந்து. ஏஜெண்டுகள் இதைச் சொல்வதே இல்லை. 3 லட்சம் டிடக்டிபிள் கிடைத்தால் எடுங்கள், பிரீமியம் கூடினாலும் பரவாயில்லை. அரசுக் காப்பீட்டில் ஆஸ்பத்திரியில் சேர்ந்த ஒவ்வொரு முறையும் பில், டிஸ்சார்ஜ் சம்மரி, செட்டில்மெண்ட் கடிதம் நகல் வாங்கி வையுங்கள். டிடக்டிபிள் கடந்ததற்கு அதுதான் ஆதாரம்.

ஊட்டி வாசகி:
சர்க்கரையை மறைக்காமல் எழுதுங்க ஐயா. லோடிங் (நோய்க்காகக் கூடுதல் பிரீமியம்) போட்டாலும் போடட்டும். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு (அதுவரை அந்த நோய்க்குப் பணம் தர மாட்டார்கள்) இப்போது அதிகபட்சம் 36 மாதம்தான். மறைத்து மாட்டினால் பாலிசியே போய்விடும்.

அறை வாடகை வரம்பு இல்லாததாகப் பாருங்க. நாளுக்கு 5,000 வரம்பிருந்து 10,000 ரூபாய் அறையில் படுத்தால், டாக்டர் ஃபீஸும் பாதியாக வெட்டப்படும். மருந்துக்கும் இம்பிளாண்டுக்கும் (உடலுக்குள் பொருத்தும் கருவி) வெட்டு இல்லை. பெரிய வைத்தியமென்றால் கோவைக்குத்தான் இறங்கணும், அதனால் கோவை ஆஸ்பத்திரிகள் கேஷ்லெஸ் பட்டியலில் உண்டா பாருங்க. தனியார் ஆம்புலன்ஸுக்கு எவ்வளவு தருவார்கள் என்பதையும்.

குன்னூர்க்காரன்:
கோ-பே (ஒவ்வொரு பில்லிலும் நாம் கட்டவேண்டிய பங்கு) 20 சதவீதம் என்று எங்காவது பொடி எழுத்தில் இருக்கும், அதையும் தேடுங்கள். தனிநபர் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி கிடையாது, பழைய கொட்டேஷனை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பாலிசி கைக்கு வந்ததும் வாசித்துப் பாருங்கள், பிடிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.