பழைய மக்காரோவ் பிஸ்டல்: வீட்டிலேயே எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது?

சாம்பல்பூனை கேட்கிறார்:

வணக்கம். உரிமத்தோடு ஒரு பல்கேரிய மக்காரோவ் வாங்கியிருக்கிறேன். ராணுவக் கிடங்கில் வேண்டாமென்று கழித்த சரக்கு, அதனால் மலிவு. ஃபிரேமில் வட்டத்துக்குள் 10 என்ற முத்திரை இருக்கிறது. உள்ளே எங்கே தொட்டாலும் பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று கிரீஸ். ஸ்லைடை இழுப்பதற்குள் கை வலிக்கிறது. முதல் குண்டுக்கு ட்ரிகர் கல் மாதிரி கனம். முன் குறிமுள் கண்ணுக்கே தெரிவதில்லை. பிடியும் வழுக்குகிறது.

என் திட்டம்: ரீகாயில் ஸ்பிரிங்கில் (ஸ்லைடை முன்னுக்குத் தள்ளும் சுருளில்) ஒரு சுற்று வெட்டிவிடலாம், சியரை (சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் கொக்கியை) உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம், கடைசியில் கறுப்பு மெருகு ஏற்றலாம். வீட்டில் ஒரு பிடிசட்டமும் அரங்களும் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?

துருப்பிடிக்காதவன்:

அரத்தை முதலில் பெட்டிக்குள் போட்டுப் பூட்டுங்கள். அப்புறம் பேசலாம்.

வட்டத்துக்குள் 10 என்றால் கசான்லாக் ஆர்செனல் தொழிற்சாலை. நல்ல சரக்குதான். நீங்கள் சொல்லும் குறைகளில் பாதி பிஸ்டலுடைய குறையே இல்லை, அந்தக் கிரீஸுடையது. பல வருடம் கிடங்கில் கிடந்து இறுகிப்போயிருக்கும். பெரும்பாலோர் மேலே தெரிவதை மட்டும் துடைத்துவிட்டு, சுத்தம் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆபத்து இருப்பது ஃபயரிங் பின், அதாவது தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஊசி, ஓடும் துளையில். மக்காரோவில் அந்தப் பின்னுக்குத் திருப்பி இழுக்கும் ஸ்பிரிங் கிடையாது, துளைக்குள் சும்மா முன்னும் பின்னும் ஓடும். கிரீஸில் ஒட்டி முன்பக்கம் நின்றுவிட்டால், ஸ்லைடு மூடும்போதே தோட்டா வெடித்துவிடலாம். ட்ரிகரைத் தொட்டிருக்கவே வேண்டாம். அதனால் இதைச் செய்து முடிக்கும்வரை ஒரு தோட்டாகூடப் போடாதீர்கள்.

மேகசினை எடுத்துவிட்டு, ஸ்லைடை இழுத்து, தோட்டா அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். ட்ரிகர் கார்டைக் கீழே இழுத்துப் பக்கவாட்டில் சற்றே நகர்த்தினால் ஃபிரேமில் இடித்து நிற்கும். ஸ்லைடை முழுக்கப் பின்னால் இழுத்து, பின்முனையைத் தூக்கி, மெதுவாக முன்னால் விட்டால் கழன்றுவிடும். கழற்றிய ஸ்லைடில் சேஃப்டி நெம்புகோலை அதன் வழக்கமான நிலையைத் தாண்டி மேலே திருப்பிப் பக்கவாட்டில் இழுங்கள். அதுதான் ஃபயரிங் பின்னைப் பிடித்து வைத்திருக்கிறது. அது வந்தால் அந்தப் பின் தானாக விழும். விழவில்லை என்றால் நான் சொன்னது ஏன் என்று உங்களுக்கே புரியும்.

கழற்றியவற்றை மினரல் ஸ்பிரிட்டில் (பெயின்ட் கரைக்கும் திரவத்தில்) ஊறவைத்து, துளையைப் பஞ்சு சுற்றிய குச்சியால் தேயுங்கள். பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை விடாதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். பிடியை முன்பே கழற்றிவிட வேண்டும். எக்ஸ்ட்ராக்டருக்கு (சுட்ட தோட்டாக் கூட்டை வெளியே இழுக்கும் கொக்கிக்கு) பின்னால் சின்ன ஸ்பிரிங்கும் முளையும் உண்டு. அவை பறந்துபோனால் அறை முழுக்கத் தேட வேண்டும், அதனால் அந்த வேலையை ஒளிபுகும் பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுச் செய்யுங்கள். ஃபயரிங் பின் துளையில் மட்டும் எண்ணெய் விடாதீர்கள், உலர்ந்தே இருக்கட்டும். பின்னையும் சேஃப்டியையும் திரும்பப் பூட்டியபின் ஸ்லைடைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். 'டிக் டிக்' என்று கேட்க வேண்டும்.

இப்போது ஸ்பிரிங். வெட்டவே வெட்டாதீர்கள். இது நேரடி ப்ளோபேக் துப்பாக்கி, அதாவது வெடிப்பின் அழுத்தமே ஸ்லைடைப் பின்னுக்குத் தள்ளும். பேரல் ஃபிரேமோடு ஆணியடித்து நிற்கிறது, பூட்டு என்று எதுவும் இல்லை. வெடிக்கும் நொடியில் பின்பக்கத்தைத் தாங்குவது ஸ்லைடின் எடையும் அந்த ஸ்பிரிங்கும்தான். அது பலவீனமானால் ஸ்லைடு ஒவ்வொரு முறையும் ஃபிரேமை இன்னும் வேகமாக இடிக்கும். பழைய ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் தொழிற்சாலை அளவான 17 பவுண்டில் புதிது போடுங்கள். குறுகிய வாய் உள்ள முனை முதலில் பேரலில் ஏற வேண்டும். இழுக்கக் கஷ்டம் என்றால் முதலில் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்துங்கள், பிறகு ஸ்லைடை இழுங்கள். சுத்தியலைத் தள்ளும் வேலை ஸ்லைடுக்குக் குறையும், வித்தியாசம் கையிலேயே தெரியும்.

தகரடப்பா:

மேலே சொன்னவரோடு ஒத்துப்போகிறேன், ஆனால் ட்ரிகரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார். சியரும் சுத்தியலும் கவ்வும் இடம் மிகச் சின்னது. அங்கே ஒரு தேய்ப்பு அதிகமானால் கவ்வல் தவறும்; ஸ்லைடு முன்னால் போகும்போது சுத்தியல் கூடவே விழும். சேஃப்டி போட்டிருக்கிறோம் என்ற நம்பிக்கையும் பொய்யாகலாம். துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள், அவ்வளவுதான்.

சுத்தியல் ஸ்பிரிங்கையும் அரைக்க வேண்டாம். மக்காரோவில் அது ஒரே தகடு, ஆனால் சுத்தியலையும் தள்ளும், ட்ரிகரையும் திருப்பும், அதன் கீழ்முனையேதான் மேகசினைப் பிடித்து வைக்கும். ஒன்றை இலகுவாக்கப் போய் இன்னொன்றைக் கெடுத்துக்கொள்வீர்கள். முதல் குண்டுக்கு ட்ரிகர் கனமாக இருப்பது ட்ரிகரே சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து விடுவிக்கும் இரட்டைச் செயல் வடிவத்தின் இயல்பு. சுத்தியலை முன்பே இழுத்துவிட்டுச் சுட்டால் நன்றாகவே இருக்கும்.

தோட்டா வாங்கும்போது பெட்டியில் 9×18 மக்காரோவ் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். இதன் குண்டு 9.27 மில்லிமீட்டர். சாதாரண 9 மில்லிமீட்டர் பாரபெல்லத்தின் குண்டு 9.01. பெயரில் 9 இருந்தால் போதும் என்று வாங்கிவிடாதீர்கள். பழைய ராணுவச் சரக்கு கிடைத்தால் அதன் ப்ரைமர் (தோட்டாவின் அடியில் உள்ள பற்றவைப்பு மருந்து) அரிக்கும் வகையாக இருக்கலாம். வெடித்தபின் பேரலில் உப்பு தங்கும். எண்ணெய்க்கு உப்பு கரையாது. அன்றைக்கே வெந்நீர் விட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, பிறகு எண்ணெய் பூசுங்கள்.

சாம்பல்பூனை:

இரண்டு பேருக்கும் நன்றி. பின்னைக் கழற்றினேன். நான் நினைத்ததைவிட மோசம், தார் மாதிரி இருந்தது. இப்போது குலுக்கினால் சத்தம் கேட்கிறது. ஸ்லைடும் இலகுவாகிவிட்டது, ஸ்பிரிங்கை மாற்றவே இல்லை. புதிதாக ஒரு ரப்பர் பிடி வாங்கியிருக்கிறேன். பின்னால் உள்ள ஒரே திருகுதான், அதைக் கழற்றினால் பழையது பின்பக்கமாக வந்துவிடுகிறது. இனி குறிமுள் மட்டும்தான் பாக்கி. மெருகு ஏற்றலாமா?

துருப்பிடிக்காதவன்:

மெருகை விட்டுவிடுங்கள். தேய்ந்த இடத்தில் எண்ணெய் தடவினால் போதும், துரு வராது. பாட்டிலில் வரும், சூடேற்றாமல் பூசும் குளிர்க் கறுப்பு பழைய நிறத்தோடு சேராது, திட்டுத்திட்டாகத் தெரியும்.

முன்குறி ஸ்லைடோடு சேர்ந்த துண்டு, கழற்ற வராது. அதை ஆல்கஹாலால் துடைத்து எண்ணெய் போக்கி, மெல்லிய தூரிகையால் பின்முகத்தில் வெள்ளை எனாமல் பூசுங்கள். காய்ந்தபின் அதன்மேல் ஆரஞ்சு. வெள்ளை அடியில் இல்லாவிட்டால் ஆரஞ்சு மங்கலாகத்தான் தெரியும். பின்குறி பள்ளத்தில் இறுகி நிற்கும் துண்டு, பித்தளைக் குச்சியால் மெல்லத் தட்டினால் நகரும். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே தட்டுங்கள். அதற்கு முன் பழைய இடத்தை ஒரு பென்சில் கோட்டால் குறித்துக்கொள்ளுங்கள்.