ஒரு படி ஜவ்வரிசி எத்தனை கிலோ வரும்?

வணக்கம் அக்கா, அண்ணா எல்லோருக்கும். சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து எழுதறேன். எங்க அம்மாச்சி நோட்டுல ஜவ்வரிசி வடகத்துக்கு எல்லாமே படி, ஆழாக்குக் கணக்கு. இந்த வெயிலுக்கு சொந்தக்காரங்களுக்கும் சேர்த்துப் போடணும். செவ்வாய்பேட்டை கடைல கிலோ கணக்குலதான் தருவாங்க.

ஆழாக்கு 168 மில்லி, எட்டு ஆழாக்கு ஒரு படி, அதாவது சுமார் 1.34 லிட்டர்னு பொதுவா சொல்றாங்க. ஆனா எங்க பித்தளைப் படியில தண்ணி ஊத்தி தராசுல வெச்சா ஒன்றரை கிலோவுக்கு மேல காட்டுது. ஊருக்கு ஊர் படி மாறும்ங்கறது உண்மைதான் போல. எடையும் பொருளுக்குப் பொருள் வேற. 240 மில்லி கப்புல சர்க்கரை 200 கிராம் நிக்கும், மைதா 120, 125தான்.

சேலம் பக்கத்துப் பழைய படி வீட்டுல இருக்கறவங்க, மாவு ஜவ்வரிசியை அளந்து எடை போட்டுச் சொல்லுங்களேன். தலை தட்டி அளந்தீங்களா, கோபுரமாவான்னும் சொல்லணும். நைலான் ஜவ்வரிசி இருந்தா அதையும் தனியா.

உப்புதான் எனக்குப் பெரிய கவலை. நோட்டுல "அரை ஆழாக்கு கல் உப்பு"ன்னு இருக்கு. தூள் உப்பு அதே அளவுல இன்னும் கனமா இருக்கும், வடகம் காஞ்சா கரிப்பு ஏறிடும். எத்தனை கிராம் போடறீங்க?