குளிர்காலத்தில் கால்வாய் ஓரமாக சைக்கிளில் வேலைக்குப் போக

லண்டனில் அல்பர்ட்டன், கிரீன்ஃபோர்டு பக்கம் புதிதாகக் குடிவந்தவர்கள், பாடிங்டன் வரை கிராண்ட் யூனியன் கால்வாயை ஒட்டியே சைக்கிளில் போய்விடலாமா என்று கேட்கிறார்கள். போகலாம். பாடிங்டன் போகும் அந்தக் கால்வாய்க் கிளையில் லாக் (படகுகளை ஏற்றி இறக்கும் நீர்க்கதவு) கிடையாது, ஏற்ற இறக்கமும் மிகக் குறைவு. நார்த் சர்குலர் சாலையைக்கூட, கால்வாயைச் சாலைக்கு மேலே கொண்டுபோகும் நீர்ப்பாலத்தில் மேலாகவே கடந்துவிடலாம். ஆனால் கோடையில் பழகிய டோபாத் (கால்வாய்க் கரைப் பாதை) குளிர்காலத்தில் அப்படியே இருக்காது. பனி உறையாமலிருக்கச் சாலைக்கு உப்பு தூவுவார்கள், இங்கே பொதுவாகத் தூவுவதில்லை. பெரும்பகுதியில் விளக்கும் இல்லை. டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்.

அதனால் சாலை வழியாக ஒரு மாற்றுப் பாதையையும் இப்போதே ஓட்டிப் பழகுங்கள். உறைபனி விழுந்த காலைகளில் அதுதான் உங்கள் பாதை. கால்வாய்ப் பராமரிப்பு வேலைகளும் பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச் வரைதான் நடக்கும்; டோபாத்தை மூடியிருக்கிறார்களா என்று, கால்வாயைப் பராமரிக்கும் கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட் தளத்தில் முன்கூட்டியே பாருங்கள்.

வழுக்கி விழுவது அதிகமும் பாலத்தின் அடியில்தான். பாதை அங்கே குறுகி வளையும், எதிரே வருபவர் தெரியமாட்டார், மேலிருந்து சொட்டும் நீர் வெயில் படாமல் கண்ணாடி போல உறைந்து கிடக்கும். பாலத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இரண்டு முறை பெல் அடியுங்கள். உள்ளே போனபின் பிரேக்கும் வேண்டாம், ஹேண்டில்பாரைத் திருப்பவும் வேண்டாம். எதிரே யாராவது வந்தால், நுழையுமுன்பே இறங்கி வழிவிடுங்கள். டோபாத்தில் நடப்பவருக்கே முன்னுரிமை. கரையோரக் கல்வரிசையில் சக்கரம் ஏறவே கூடாது. ஈர இலை மூடியிருந்தால் கல் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாது.

டயர் 35 மில்லிமீட்டருக்குக் குறையாமல், பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ளதாக இருக்கட்டும். குளிர்காலத்தில் வேலிச்செடிகளை வெட்டுவதால் பாதையெங்கும் ஹாதார்ன் என்ற வேலிச்செடியின் முள் சிதறிக் கிடக்கும். குளிரில் ஒட்டுப் போட்டால் பசை சரியாகப் பிடிக்காது. இரண்டு டியூப் கையில் இருக்கட்டும். டியூப் மாற்றுமுன் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவி முள்ளை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் புது டியூபும் ஐந்து நிமிடத்தில் போய்விடும்.

முழு நீள மட்கார்ட் அவசியம். சேறும் மணலும் ரிம் பிரேக் கட்டையில் ஒட்டி ரிம்மையே தேய்த்துவிடும். வாரம் ஒருமுறை கழுவித் துடையுங்கள். ரிம்மில் உள்ள தேய்மானக் கோடு மறைந்துவிட்டால் சக்கரத்தை மாற்றும் நேரம் வந்துவிட்டது. செயினைத் துணியால் துடைத்துவிட்டு, ஈரத்துக்கான எண்ணெயைக் கணுவுக்கு ஒரு சொட்டு விட்டு, மிச்சத்தை வழித்தெடுங்கள்.

சூரியன் மறைந்தபின் முன்னால் வெள்ளை லைட், பின்னால் சிவப்பு லைட், சிவப்பு ரிஃப்ளெக்டர், பெடலில் மஞ்சள் ரிஃப்ளெக்டர் ஆகியவை சட்டப்படி வேண்டும். விளக்கில்லாத பாதைக்கு 300, 400 லூமன் (வெளிச்சத்தின் அளவு) போதும். தரையை நோக்கிச் சாய்த்து, விட்டுவிட்டு மின்னாமல் தொடர்ந்து எரியவிடுங்கள். மின்னும் வெளிச்சத்தில் கரை எவ்வளவு தூரம் என்பதைக் கணிக்க முடியாது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், தினமும் சார்ஜ் செய்யுங்கள்.

தண்ணீரில் விழுந்தால் உடனே நீந்த முயலாதீர்கள். குளிர் தாக்கியதும் மூச்சு கட்டுக்கடங்காமல் இழுக்கும். மல்லாந்து மிதந்தபடி அது அடங்கும்வரை பொறுங்கள். பிறகு காலை ஊன்றிப் பாருங்கள், பல இடங்களில் நிற்கும் ஆழம்தான். வேறு யாராவது விழுந்தால் நீங்கள் குதிக்காமல் 999-ஐ அழைத்துத் தீயணைப்புச் சேவையைக் கேளுங்கள். பாலங்களில் எண் பலகை இருக்கும். அந்த எண்ணைச் சொன்னால் இடம் உடனே புரியும். போகும் வழியிலுள்ள பால எண்களைக் கவனித்து வைப்பது நல்லது.

சைக்கிள் இன்னும் வாங்கவில்லையென்றால், உங்கள் நிறுவனத்தில் சைக்கிள் டு வொர்க் திட்டம் உண்டா என்று கேளுங்கள். சைக்கிளுக்கான பணத்தை வரிக்கு முந்தைய சம்பளத்தில் பிடிப்பார்கள். லைட், பூட்டு, மட்கார்ட் ஆகியவற்றையும் அதிலேயே சேர்க்கலாம். பிடித்தம் போக மிஞ்சும் சம்பளம் தேசியக் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது விதி.