மழை பெய்தால் கடையில் எது விற்கிறது? கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் பகிருங்கள்

தேக்கா மளிகை

எங்கள் குடும்பக் கடை சிங்கப்பூரில் தேக்கா பக்கம், ஐந்தடிப் பாதையை (கடைகளின் முன்னால் கூரையோடு போகும் நடைபாதை) ஒட்டி இருக்கிறது. மழை வந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பார் அப்பா. மழைக்குத்தான் கடலை மாவு போகும் என்பார் சித்தப்பா. இருவரும் பல காலம் கல்லாவில் உட்கார்ந்தவர்கள், அவர்கள் பேச்சைத் தள்ளிவிட முடியாது. பில் மெஷினில் ஒவ்வொரு பில்லுக்கும் தேதியும் நேரமும் பதிவாகிறது. அதை வானிலைக் கணக்கோடு சேர்த்துப் பார்த்ததில் தெரியவந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வானிலைக் கணக்கு கிடைப்பது சுலபம். சிங்கப்பூர் வானிலை ஆய்வகத்தின் தளத்தில் நிலையம் வாரியாக, மாதம் வாரியாக இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். அன்றைய மொத்த மழை, அதிகம் கொட்டிய 30, 60, 120 நிமிடங்களின் அளவு, வெப்பநிலை, காற்றின் வேகம் எல்லாம் அதில் உண்டு. அரசாங்கத் தரவுத் தளத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவான மழை அளவும் இருக்கிறது. சாங்கி நிலையத்தை மட்டும் எடுக்காதீர்கள். ஜூரோங்கில் கொட்டும்போது ஈஸ்ட் கோஸ்ட்டில் வெயில் அடிக்கும் ஊர் இது. கடைக்குப் பக்கத்தில் இருக்கும் நிலையம்தான் வேண்டும்.

முதலில் நாள் மொத்த மழையையும் நாள் மொத்த விற்பனையையும் எக்செலில் போட்டு ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று -1 முதல் 1 வரை சொல்லும் எண்) எடுத்தால், பூஜ்யத்தை ஒட்டித்தான் நிற்கும். ஆனால் மழைக்கும் வியாபாரத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. விடியற்காலை சுமத்ரா தீவுப் பக்கமிருந்து அடிக்கும் பலத்த காற்றோடு வந்து, கடை திறக்கும் முன்பே ஓய்ந்துவிடும் மழையும், மாலை 5 மணிக்குப் பிடிக்கும் மழையும் அந்த மில்லிமீட்டர் கணக்கில் ஒன்றுதான். எங்கள் கல்லாவுக்கு அவை ஒன்றல்ல. அதனால் கடை திறந்திருக்கும் நேரத்தை மணி மணியாகப் பிரித்தேன்.

அடுத்து ஞாயிற்றுக்கிழமை. தேக்காவில் ஞாயிறு மாலை எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். தங்குவிடுதிகளிலிருந்து வெளிநாட்டு ஊழியர்களான தம்பிமார்கள் வந்து தெருவே நிரம்பியிருக்கும். மழை பெய்த ஞாயிறுகூட, வெயில் அடித்த செவ்வாயைவிடப் பல மடங்கு விற்கும். கிழமையைக் கழிக்காமல் எந்தக் கெழு எடுத்தாலும் அது ஞாயிற்றுக்கிழமையைத்தான் அளக்கும். சம்பள வாரம், தீபாவளிக்கு முந்தைய வாரங்கள், பொங்கல் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஒவ்வொரு மணி நேரத்தையும் அதே கிழமை, அதே மணியின் வழக்கமான விற்பனையோடு ஒப்பிட்டு, கூடுதலா குறைவா என்று மட்டும் எடுத்த பிறகுதான் படம் தெளிந்தது.

ஞாயிறு மாலை மழை பிடித்தால் நடப்பது இது. முதல் கால் மணியில் ஐந்தடிப் பாதை முழுக்க ஆள் ஒதுங்கி நிற்கிறது. வாசலில் தொங்கும் குடை, பிளாஸ்டிக் மழைக்கோட்டு, டிஷ்யூ மூன்றும் பறக்கின்றன. நிற்பவர்கள் சும்மா நிற்பதில்லை, உள்ளே வந்து பிஸ்கட், முறுக்கு, போன் கார்டு என்று வாங்குகிறார்கள். பில் எண்ணிக்கை ஏறுகிறது, ஆனால் ஒவ்வொரு பில்லும் சின்னது. அரிசி மூட்டை, எண்ணெய் டின் போன்ற கனமான சரக்கு அப்படியே நின்றுவிடுகிறது. நனைந்துகொண்டே பத்துக் கிலோ அரிசியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற யாருக்கு மனம் வரும்? அந்த அரிசி விற்பனை போய்விடுவதுமில்லை, திங்கள், செவ்வாயில் திரும்பி வருகிறது. ஆக அப்பா சொன்னது கனமான சரக்குக்கும் அந்த மாலைக்கும் சரி, வார மொத்தத்துக்குச் சரியில்லை.

சித்தப்பாவின் கடலை மாவு? எப்படிப் பார்த்தாலும் அசையவில்லை. பஜ்ஜி போடுகிறவர்கள் வீட்டில் மாவு ஏற்கெனவே இருக்கிறது என்று நினைக்கிறேன். மழை பெய்கிற நேரத்தில் அதற்காகக் கிளம்பி யாரும் கடைக்கு வருவதில்லை.

வெயிலுக்கும் குளிர்பானத்துக்கும் உள்ள தொடர்பைத்தான் பலர் பெரிதாக எதிர்பார்ப்பார்கள். இங்கே மாத சராசரி வெப்பநிலை ஆண்டு முழுக்க இரண்டு டிகிரிக்குள்தான் ஏறி இறங்குகிறது. ஒரு பக்கம் அசையவே இல்லை என்றால், உண்மையில் பாதிப்பு இருந்தாலும் கெழு சின்னதாகத்தான் வரும். குளிரும் கோடையும் உள்ள நாடுகளில் எழுதப்பட்ட ஐஸ்கிரீம் உதாரணத்தை இங்கே அப்படியே வைத்துப் பார்க்க முடியாது. எங்கள் மோர் பாக்கெட்டும் இளநீரும் வெப்பமானியைவிட மழை நின்றதா என்பதைத்தான் அதிகம் கவனிக்கின்றன.

ஈசூன் மருந்துக்கடை

அண்ணே, நல்ல பதிவு. என் அனுபவம் புகைமூட்டம். 2013 ஜூன் 21 நண்பகலில் காற்றுத் தரக் குறியீடு 401ஐத் தொட்டது. அந்த வாரம் நான் வேலை பார்த்த கடையில் என்95 முகக்கவசம் வந்த வேகத்தில் தீர்ந்தது. அப்புறம் அலமாரி காலி. கேட்டு வந்தவர்களுக்கு இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லியே தொண்டை காய்ந்தது.

பிற்பாடு அந்தக் கணக்கைப் பார்த்தால், குறியீடு உச்சத்தில் இருந்த நேரத்தில் முகக்கவச விற்பனை பூஜ்யம். விஷயம் தெரியாதவர் அதைக் கெழுவில் போட்டால் புகை கூடக் கூட முகக்கவசம் விற்காது என்று வரும். பில்லில் இருப்பது விற்ற கணக்கு. கேட்டுவிட்டு வெறுங்கையோடு போனவர்கள் அதில் இல்லை. அதனால் சரக்கு தீர்ந்த நாள்களை முதலிலேயே குறித்து வைத்து, தனியாக ஒதுக்கிவிடுங்கள். குடைக்கும் இது பொருந்தும்.

உட்லண்ட்ஸ் சரக்குப் பிரிவு

மாதக் கணக்கில் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புள்ளிவிவரத் துறை மாதாமாதம் சில்லறை விற்பனைக் குறியீடு வெளியிடுகிறது. அதையும் மாத மழையையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று தோன்றும். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை. அதே மாதங்களில் பள்ளி விடுமுறை, கிறிஸ்துமஸ், பொங்கல், சில ஆண்டுகளில் சீனப் புத்தாண்டும் வந்துவிடும். மழையோடு விற்பனை ஏறியதாகத் தெரிவது பெரும்பாலும் பண்டிகைதான். பொருள் சேவை வரி 2023 ஜனவரி 1ல் 8 விழுக்காடாகவும், 2024 ஜனவரி 1ல் 9 விழுக்காடாகவும் ஏறியது. வரி ஏறும் முன் வாங்கிவிட வேண்டும் என்று டிசம்பரில் பெரிய சாமான் வாங்கியவர்கள் உண்டு, அது மழைக்கால விற்பனை ஆகாது. பருவ மாறுதலை நீக்கிய குறியீட்டை எடுத்தால் ஓரளவு சரியாகும். சீனப் புத்தாண்டு ஜனவரிக்கும் பிப்ரவரிக்கும் மாறி மாறி வருவதை மட்டும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

புக்கிட் பாத்தோக் மாமா கடை

அடுக்குமாடி வீட்டு புளோக்கின் கீழ்த்தளத்தில் சின்னக் கடை வைத்திருக்கிறேன். ஒரு மாத பில் மட்டும்தான் சரியாக இருக்கிறது. அது போதுமா? எந்தச் சோதனை போட வேண்டும்?

தேக்கா மளிகை

அக்கா, ஒரு மாதம் போதாது. 30 நாள் கணக்கு என்றால், வழக்கமான 5 விழுக்காட்டு அளவுகோலில் (தொடர்பே இல்லாதபோதும் தற்செயலாக இப்படி வர நூற்றுக்கு ஐந்து வாய்ப்புக்கு மேல் இருக்கக் கூடாது என்பது) கெழு ஏறத்தாழ 0.36ஐத் தாண்டினால்தான் அது தற்செயல் இல்லை என்று சொல்லலாம். ஒரு வருஷக் கணக்கு இருந்தால் 0.10 போதும். மழையின் பாதிப்பு பெரும்பாலும் சின்னது, ஒரு மாதத்தில் அகப்படாது.

மழை அளவு பல நாள் பூஜ்யம், சில நாள் 80, 100 மில்லிமீட்டர் என்று இருக்கும். அந்த ஓரிரு நாள்களே, எக்செல் வழக்கமாகத் தரும் பியர்சன் கெழுவை இழுத்துக்கொண்டு போய்விடும். ஸ்பியர்மன் தர ஒட்டுறவு (அளவை விட்டுப் பெரிது, சிறிது என்ற வரிசையை மட்டும் ஒப்பிடுவது) எடுங்கள், இல்லையென்றால் மழை உண்டு, இல்லை என்று இரண்டாகப் பிரித்து அதே கிழமையோடு ஒப்பிடுங்கள். சின்னக் கடைக்கு இரண்டாவதே போதும்.

கடையில் உள்ள எல்லாப் பொருளையும் ஒரே மூச்சில் சோதிக்க வேண்டாம். 20 பொருளைச் சோதித்தால், மழைக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒன்று சராசரியாக அந்த 5 விழுக்காட்டைத் தாண்டிவிடும். எதில் சந்தேகமோ அந்த நாலைந்தை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

இன்னொன்று. பருவமழை பிடித்தால் இரண்டு மூன்று நாள் விடாது. 2025 ஜனவரி 10, 11 தேதிகளில் இரண்டே நாளில் ஜனவரி மாத சராசரியைவிட அதிகமாகச் சாங்கியில் கொட்டியது நினைவிருக்கும். அடுத்தடுத்த நாள்கள் ஒன்றையொன்று சார்ந்தவை, தனித்தனி சாட்சிகளாக எண்ணக்கூடாது. நான் மழைக் கணக்கை வாரம் வாரமாக வெட்டி, வாரங்களைக் கலைத்துப் போட்டு, அப்போதும் இதே அளவு தொடர்பு வருகிறதா என்று பலமுறை பார்த்தேன். கலைத்த கணக்கிலும் அடிக்கடி வந்தால் அந்தப் பொருளை விட்டுவிடலாம். குடையும் அரிசியும் இந்தச் சோதனையில் தேறின. சோப்பு தேறவில்லை.

உங்கள் கடை கீழ்த்தளத்தில் இருப்பதால் என் கணக்கு அங்கே பொருந்தாமல் போகலாம். மழையில் பேரங்காடிவரை போக முடியாதவர்கள் உங்களிடம்தான் பால், ரொட்டி, முட்டை வாங்க வருவார்கள். அந்த மூன்றை மட்டும் இன்றிலிருந்து நேரத்தோடு குறித்து வையுங்கள். பில் மெஷின் இல்லாவிட்டால் நோட்டே போதும், மழை தொடங்கிய நேரத்தையும் ஓய்ந்த நேரத்தையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். வருஷம் முடிந்ததும் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.