டாவோல ரிசர்ச் டீமுக்குக் காசு குடுத்தாச்சு, வேலைய யாருப்பா பாக்குறது?

கோரிப்பாளையம்_காளை:
வணக்கம் மக்களே. நான் ஒரு சின்ன டாவோல (கிரிப்டோ டோக்கன் வச்சுருக்கவங்க ஓட்டுப் போட்டு நடத்துற அமைப்பு) டெலிகேட், அதாவது மத்தவங்க ஓட்டையும் சேத்துப் போடுறவன், பேரு வேணாம், ரூம்ல இருக்க பயலுக ஏழெட்டு பேரு ஓட்டெல்லாம் என் வாலட்டுக்குத் தள்ளி விட்டுட்டாய்ங்க, இவன் பாத்துக்குவான்னு. ஆறு மாசம் முன்னாடி ஒரு ரிசர்ச் கூட்டணிக்கு டாவோவோட பொதுக் கஜானா ட்ரெஷரில இருந்து காசு ஒதுக்குனோம், நானும் சரின்னுதான் போட்டேன். இப்ப நீட்டிக்கக் கேட்டு மறுபடி ப்ரொபோசல் வந்துருக்கு. இதுவரைக்கும் வந்தது நாலு ரிப்போர்ட்டு, அதுல ஒண்ணு 62 பக்கம், மத்தியானம் ஜிகர்தண்டாவக் குடிச்சுட்டு படிக்க உக்காந்தேன், 9ஆம் பக்கத்துல தூங்கிட்டேன். மேற்பார்வைக்குன்னு டெலிகேட்டுல மூணு பேரப் போட்டுருக்காய்ங்க, அதுல ஒருத்தரு அந்த டீம்லயே முன்னாடி வேலை பாத்தவரு. எத வச்சு ஓட்டுப் போடுறது?

வில்லாபுரம்_வாணி:
தம்பி, ரிப்போர்ட்டு நல்லாருக்கான்னு அப்புறம் பாருங்க, நாலையும் யாரு கேட்டு எழுதுனாங்கன்னு மொதல்ல பாருங்க. எத்தீரியம் மேல ஓடுற ஆர்பிட்ரம்னு ஒரு பிளாக்செயின், அதோட டாவோல இதே மாதிரி ரிசர்ச் கலெக்டிவ் ஒண்ணு வச்சாங்க, ரிசர்ச், செக்யூரிட்டி, ரிஸ்க்குன்னு தனித்தனி ஆளுங்க, டெலிகேட்டுக்கும் அவங்களுக்கும் நடுவுல டாவோ அட்வகேட்டுன்னு ஒரு பொறுப்பு. எந்த வேலை வேணும்னு டெலிகேட்டுங்ககிட்ட வாங்கி வரிசைப்படுத்திக் குடுக்குறதுதான் அவரு வேலையா இருந்துச்சு. ரெண்டாவது தடவை மேற்பார்வைக்குன்னே சூப்பர்வைசரி கவுன்சில் வச்சாங்க. அந்த டாவோ சூடுபட்ட பூனை. 2023 மார்ச்ல டோக்கன் வந்த கையோட மொத ப்ரொபோசல்லயே, 75 கோடி ஏஆர்பிய (அவங்க டோக்கன்) ஆர்பிட்ரம் பவுண்டேஷனுக்குக் குடுக்கலாமான்னு ஓட்டு நடக்குறப்பவே அதுல 5 கோடி முன்னாடியே நகந்துருச்சுன்னு தெரிஞ்சு ஒரே ரகளை, கடைசில ப்ரொபோசல உடைச்சு மறுபடி வைக்க வேண்டியதாப் போச்சு.

கடைமடை_கண்ணன்:
நம்ம மேலூர்ப் பக்கம் கண்மாய்த் தண்ணியப் பங்கு வச்சு விடுற நீர்க்கட்டி இருப்பாருல்லண்ணே, அதத்தான் சொல்லணும். எங்க கண்மாயில எங்க தாத்தா காலத்துல நீர்க்கட்டிக்கு அந்த ஆயக்கட்டுல ஒரு குழி நெலம் கெடையாது, அதுக்காகவே அவரு கையில மடையக் குடுத்தாங்க, தன் வயலுக்குத் திருப்பிக்க முடியாதுல்ல. கூலியும் அறுப்பு முடிஞ்சு களத்துல வச்சு நெல்லாத்தான் அளப்பாங்க, கடைமடைக்காரன் வயலு காஞ்சு கெடந்தா அவன் மரக்காலத் தூக்கவே மாட்டான், அவரு தலையச் சொறிஞ்சுட்டு நிப்பாராம். உங்க ஆளுங்களுக்கு மொத்தக் காசும் நடவுலயே அளந்துட்டீங்க போல. அந்தப் பழைய டீம்காரரு கெட்டவருன்னு சொல்லல, ஆனா மடைச்சாவி அவருகிட்ட இருக்கக் கூடாது.

சும்மா_இருங்கப்பா:
எல்லாத்தையும் வெட்டிவிட்டுறாதீங்க. 2022 ஏப்ரல்ல பீன்ஸ்டாக்னு ஒரு கிரிப்டோ திட்டத்துல ஒருத்தன் பிளாஷ் லோன்ல (அடமானமில்லாம வாங்கி அந்த ஒரே பரிவர்த்தனைக்குள்ளயே திருப்பிக் குடுக்குற கடன்) ஓட்டப் புடிச்சு தன் ப்ரொபோசல தானே பாஸ் பண்ணிட்டான், சுமார் 18 கோடி டாலர் போச்சு. அந்த ப்ரொபோசலு ஒரு நாள் முன்னாடியே வெளிய கெடந்துச்சு, யாராச்சும் நோண்டிப் பாத்துருந்தா சந்தேகமாச்சும் வந்துருக்கும். அதப் படிக்கத்தான் சம்பளத்துக்கு ஆளு வேணும். 62 பக்கம் எழுதுறவன நிறுத்து, ப்ரொபோசலோட புரோகிராம் கோடு படிக்கிறவன வையி.

கோரிப்பாளையம்_காளை:
வாணியக்கா சொன்ன மாதிரி நேத்து டீமோட பேசுன போன் கால்ல கேட்டுட்டேன். நாலுல மூணு அவிங்களா எழுதுனதாம், "உபயோகமா இருக்கும்னு நெனச்சோம்"ங்குறாய்ங்க. ஒண்ணுதான் டெலிகேட் கேட்டது, அது 11 பக்கம், அது நான் முழுசாப் படிச்ச ரிப்போர்ட்டு. அந்த டீம்காரரு விலகுறேன்னுட்டாரு. பாதிக் காசு வேலை முடிஞ்சப்புறம்னு திருத்தம் போட்டுருக்கேன், அத ஏத்துக்கலைன்னா சனிக்கிழமை வேணாம்னுதான் குத்துவேன், பயலுககிட்டயும் சொல்லிட்டேன். செக்யூரிட்டிக்கு மட்டும் தனி ப்ரொபோசல் எழுதணும்னு பாக்குறேன், வாணியக்கா ஒரு தடவை படிச்சுத் தர்றீங்களா?