பிஎஸ்5 இப்பவே எடுக்கவா, ஜிடிஏ 6 வரும் வரைக்கும் பொறுக்கவா?

காலிவீதிக்காரன் (வெள்ளவத்தை) கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். பிஎஸ்5 (சோனியின் பிளேஸ்டேஷன் 5 கேம் கொன்சோல்) எடுக்கக் கையில் இரண்டு இலட்சம் ரூபா இருக்கிறது. இதற்கென்றே தனியாகச் சேர்த்த காசு, வீட்டிலும் பிரச்சினை இல்லை (மனுசி ஒரு தடவை முறைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்). இப்ப வைத்திருப்பது பழைய பிஎஸ்4. கொன்ட்ரோலரின் இடது ஸ்டிக் தன்பாட்டுக்கு ஒரு பக்கம் இழுக்கிறது, கிரிக்கெட் போட்டால் பந்து வருவதற்கு முன்னமே நம்மாள் லெக் சைட் பக்கமாக நடக்கத் தொடங்கிவிடுகிறார்.

போன சனிக்கிழமை யூனிட்டி பிளாசாவில் இரண்டு மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒரு கடையில் காஷ் என்றால் ஒரு விலை, கார்ட் என்றால் இன்னொரு விலை, தவணை என்றால் மூன்றாவது விலை. எடுத்துவிடலாம் என்று நினைக்கும்போதுதான் கூட வந்த நண்பன் குழப்பிவிட்டான். "வந்து இவ்வளவு வருசமாச்சு, கொஞ்சம் பொறு, விலை விழும், இல்லாட்டி பிஎஸ்6 வந்துடும்" என்கிறான். இன்னொரு விசயம், ஆடிவேல் திருவிழா (ஆடி மாதம்) நேரம் அண்ணை துபாயிலிருந்து வருகிறார், அவரைக் கொண்டுவரச் சொன்னால் இலாபமா? அல்லது ஜிடிஏ 6 என்ற அந்தப் பெரிய கேம் வரும் வரைக்கும் சும்மா இருப்பதா? நான் விளையாடுவது கிரிக்கெட், கார் ரேஸ், வருடத்துக்கு ஒரு பெரிய கதை கேம், அவ்வளவுதான்.

பம்பலப்பிட்டி ஜங்ஷன்:

நண்பர் சொல்வது பழைய காலத்துக் கணக்கு. அது ஒரு காலத்தில் சரியாகத்தான் இருந்தது. பிஎஸ்4 2013இல் 399 டொலருக்கு வந்தது, 2016இல் அதன் ஸ்லிம் (மெலிந்த) மொடல் வந்தபோது 299. பொறுத்தவனுக்கு நூறு டொலர் மிச்சம். பிஎஸ்5இல் கதை தலைகீழ். 2020 நவம்பரில் டிஸ்க் போடுகிற மொடல் அமெரிக்காவில் 499 டொலர், ஐந்து வருடம் கழித்து 2025 ஆகஸ்டில் அதை 549.99 ஆக்கினார்கள். போட்டிக் கொன்சோலான எக்ஸ்பொக்ஸும் அதே வருடத்தில் இரண்டு தடவை ஏற்றியது. சிப் சின்னதாகச் சின்னதாகச் செலவு குறையும் என்ற பழைய வழி இப்ப வேலை செய்வதில்லை. போதாக்குறைக்கு மெமரி சிப்பை எல்லாம் ஏஐ டேட்டா சென்டர்காரர் அள்ளிக்கொண்டு போகிறார்கள்.

நமக்கு அதைவிடப் பெரிய விசயம் ரூபா. 2020 நவம்பரில் டொலர் 185 ரூபா அளவில் இருந்தது. வரி, கடைக்காரரின் இலாபம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பார்த்தால் 499 டொலர் என்பது 92,000 ரூபா சொச்சம். டொலர் 300 என்றே வைத்தாலும் அந்த 2025 விலையான 550 டொலருக்கு 165,000. அப்போது வற் வரி 8 வீதம், 2024 ஜனவரியிலிருந்து 18. 2022இல் டொலர் 360ஐத் தாண்டியபோது "அடுத்த மாதம் எடுப்பம்" என்று இருந்தவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று கொழும்பில் யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. சோனி விலை குறைக்குமா என்று பார்த்துக்கொண்டிருப்பதைவிட டொலர் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். ரூபா ஆடாமல் நிற்கிற மாதம்தான் வாங்குகிற மாதம்.

பிஎஸ்6 பற்றி: பிஎஸ்3 2006, பிஎஸ்4 2013, பிஎஸ்5 2020. ஏழு வருடத்துக்கு ஒன்று. அதே கணக்கில் பார்த்தாலும் 2027 கடைசி. வந்த உடனே இங்கே கிடைக்கிற விலையில் வாங்குகிற ஆளா நீங்கள்? பிஎஸ்5 வந்த பிறகு 2022இலும் கிரான் டூரிஸ்மோ 7, கோட் ஒஃப் வோர் ரக்னரொக் மாதிரிப் பெரிய கேம் எல்லாம் பிஎஸ்4க்கும் வந்தன. புதுசு வந்த அன்றே பழையது செத்துப்போவதில்லை.

கொட்டாஞ்சேனை மாமி:

தம்பி, எப்ப வாங்குவது என்பதோடு எதை வாங்குவது என்றும் யோசியுங்கோ. டிஜிட்டல் எடிஷன் (டிஸ்க் போட முடியாத மொடல்) விலை குறைவு என்று கடைக்காரர் தள்ளிவிடப் பார்ப்பார். உங்களிடம் பிஎஸ்4 டிஸ்க் இருக்கும்தானே? டிஸ்க் மொடல் எடுத்தால் அவற்றில் அநேகமாக எல்லாமே பிஎஸ்5இல் ஓடும். டிஜிட்டல் என்றால் அந்த டிஸ்க் எல்லாம் அலுமாரிக்குள் கிடக்கும். ஸ்லிம் மொடலுக்கு டிஸ்க் டிரைவைப் பிறகு தனியாக வாங்கிப் பூட்டலாம் என்பது உண்மைதான், ஆனால் அமெரிக்காவிலேயே அது 80 டொலர், இங்கே தேடிப் பிடிக்கவும் வேணும்.

எங்கள் வீட்டில் நாங்கள் டிஸ்க்தான். மகன் ஒரு கேமை முடித்தால் அதை விற்றுப்போட்டு அடுத்ததுக்குக் காசு சேர்ப்பான், டவுன்லோட் செய்ததை யாரிடம் விற்பது? அதோடு ஒரு பெரிய கேம் 100 ஜிபி வரும். மாத டேட்டா பக்கேஜில் அது எவ்வளவு தின்னும் என்று பாருங்கோ. டிஸ்க் போட்டாலும் அப்டேட் இறங்கத்தான் செய்யும், ஆனால் முழுசாக இல்லை.

பிஎஸ்5 புரோ (சக்தி கூடின மொடல்) பக்கம் போகவே வேண்டாம். அதில் டிஸ்க் டிரைவே இல்லாமல்தான் வருகிறது, விலையோ கேட்கவே வேண்டாம். கிரிக்கெட்டுக்கு எதற்கு அது?

பிறகு ஒன்று, உங்களுக்குப் பொருந்துமோ தெரியாது. சாதாரண தரம், உயர்தரம் எழுதுகிற பிள்ளை வீட்டில் இருந்தால் சோதனை முடிகிற அன்றைக்குத்தான் வாங்குகிற நாள். நான் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே ஒளித்துவைத்து, சோதனை முடிந்த பின்னேரம்தான் வெளியே எடுத்தேன். வாரன்டி வாங்கிய திகதியிலிருந்து ஓடியது, அது வேறு விசயம்.

மெதுவாப் போவம்:

எல்லாரும் வாங்கு வாங்கு என்கிறீர்கள், நான் மாறிச் சொல்கிறேன். அவர் விளையாடுவது கிரிக்கெட்டும் கார் ரேஸும். அது இரண்டும் பிஎஸ்4இலேயே இருக்கிறது. அவருடைய இப்போதைய பிரச்சினை ஒரு ஸ்டிக். நல்ல கொன்ட்ரோலர் ஒன்று வாங்கினால் முடிந்தது. ஒரு கொன்ட்ரோலருக்காக ஒன்றரை இலட்சத்துக்கு மேல் கொட்டுவது எந்த ஊர் நியாயம்?

ஜிடிஏ 6 முதலில் 2025 என்றார்கள், பிறகு 2026 மே 26, பிறகு 2026 நவம்பர் 19. இன்னொரு தடவை தள்ளாது என்று யார் எழுதித் தருவார்? அது வந்த பிறகு, நண்பர்கள் விளையாடி நல்லா இருக்கு என்று சொன்ன பிறகு, எடுங்கள். அதுவரைக்கும் அந்த இரண்டு இலட்சத்தை நிலையான வைப்பில் போட்டால் வட்டியாவது வரும்.

பம்பலப்பிட்டி ஜங்ஷன்:

மெதுவாப் போவம் அண்ணை, பாதி சரி. திகதி தள்ளலாம், அதனால் ஒரு கேமை மட்டும் நம்பி வாங்கக்கூடாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜிடிஏ 6 பிஎஸ்4க்கு இல்லை, பிஎஸ்5க்கும் எக்ஸ்பொக்ஸ் சீரிஸுக்கும் மட்டும்தான். அது வருகிற மாதம் கொழும்பில் இருக்கிற எல்லாப் பெடியங்களும் ஒரே கடைக்கு ஓடுவார்கள். அந்த நேரம் கடைக்காரர் விலை குறைப்பாரா? நவம்பரில் வருகிற 11.11 தள்ளுபடியை நம்பிக்கொண்டு இருப்பதும் வீண், அந்த மாதிரி நாட்களில் முந்தின வாரம் விலையை ஏற்றிவிட்டு அன்றைக்குக் குறைத்துக் காட்டுகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். வெளிவருவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னமே எடுத்துவைப்பதுதான் புத்தி. புது கொன்ட்ரோலர் காசையும் இதிலேயே போடுங்கள், ஏனென்றால் பிஎஸ்4 கொன்ட்ரோலரால் பிஎஸ்5 கேம் விளையாட முடியாது, பிஎஸ்4 கேமுக்கு மட்டும்தான் அது வேலை செய்யும்.

தேராவில் 12 வருசம்:

துபாய்க் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. அங்கே வற் வரி 5 வீதம், இங்கே 18. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். மூன்று முனை பிளக், 230 வோல்ட், இரண்டும் இங்கே உள்ளதுதான், அடப்டர் தேடத் தேவையில்லை. டிஸ்க் எந்த நாட்டில் வாங்கினாலும் ஓடும், ஆனால் கேமுக்குள் மேலதிகமாக வாங்குகிறவை டிஸ்க் எந்தப் பிராந்தியமோ அந்தப் பிராந்தியக் கணக்கில்தான் சேரும். பிஎஸ்என் (பிளேஸ்டேஷன் இணையச் சேவை) கணக்குத் திறக்கிற இடத்தில் இலங்கை என்று ஒன்று இல்லை, அதனால்தான் இங்கே ஆளுக்கொரு நாட்டுக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே எந்த நாட்டுக் கணக்கு வைத்திருக்கிறீர்களோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள், டிஸ்க்கையும் அதற்கு ஏற்றதாக வாங்குங்கள்.

இடிக்கிற இடங்கள் இரண்டு. ஒன்று, பழுதானால் வாரன்டிக்கு இங்கே யாரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள், பெட்டியை அண்ணையிடமே திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டு, கட்டுநாயக்காவில் சுங்கம். அண்ணை எவ்வளவு காலம் வெளியே இருந்துவிட்டு வருகிறார் என்பதைப் பொறுத்து வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய பெறுமதி மாறும், ஏறுவதற்கு முன்னமே சுங்கத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பார்க்கச் சொல்லுங்கள், பில்லையும் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். அண்ணையின் அலவன்ஸை அண்ணி ஏற்கெனவே பிளெண்டருக்கும் பிள்ளைகளின் டப்லெட்டுக்கும் ஒதுக்கியிருப்பார், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜப்பானிலிருந்து யாராவது மலிவாகக் கொண்டுவருகிறேன் என்றால் மட்டும் கவனம். 2025 நவம்பரில் அங்கே 55,000 யென்னுக்கு ஒரு டிஜிட்டல் பிஎஸ்5 விட்டார்கள். ஜப்பானிய மொழி மட்டும், ஜப்பான் கணக்கு மட்டும். மலிவு என்று வாங்கி வைத்துவிட்டு மெனுவைப் பார்த்து முழிக்க வேண்டியதுதான்.

காலிவீதிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. வீட்டில் சோதனை எழுதுகிற பிள்ளை இல்லை மாமி, மகளுக்கு நாலு வயது. அண்ணையிடம் கேட்டேன், பிளெண்டர் உண்மைதான் 😂 ஆனாலும் இடம் இருக்கிறதாம். டிஸ்க் மொடல், ஆடிவேலுக்கு அண்ணையோடு வரும். நடுவில் ரூபா ஆடத் தொடங்கினால் இங்கேயே காஷ் கொடுத்து எடுத்துவிடுவேன். பிஎஸ்4ஐ யாராவது கேட்டால் கொடுக்கிறேன், ஸ்டிக் பற்றி முதலிலேயே சொல்லிவிட்டுத்தான்.

கடைசியாக ஒரு கேள்வி. எங்கள் பக்கம் கரண்ட் அடிக்கடி ஒரு நிமிடம் போய் வரும். 650 விஏ யூபிஎஸ் ஒன்று கம்பியூட்டருக்கு இருக்கிறது, அதில் பூட்டலாமா?

தேராவில் 12 வருசம்:

650 விஏ என்றால் 650 வொட் இல்லை, அநேகமாக 360, 390 அளவில்தான் தாங்கும், பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் பாருங்கள். பிஎஸ்5 பெரிய கேம் ஓடும்போது 200 வொட் அளவில் இழுக்கும். 55 அங்குல டிவியும் சேர்ந்தால் கிட்டத்தட்ட விளிம்பு. கம்பியூட்டரைக் கழற்றிவிட்டு இது இரண்டை மட்டும் கொடுங்கள், சேவ் செய்து ஒழுங்காக அணைக்க நேரம் கிடைக்கும். பற்றரி பழசு என்றால் முதலில் அதை மாற்றுங்கள். கடல் பக்கம் திறந்த ஜன்னலுக்குக் கீழே கொன்சோலை வைக்காதீர்கள், வெள்ளவத்தை உப்புக்காற்றில் ஏசியின் வெளிப்பெட்டியே துருப்பிடிக்கிறது.